கட்டாது

கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டுதான் முடிதிருத்துகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஏண்ணே, நம்ம படம் என்னாச்சு?”

பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தலையை ஆட்டவும் வழியில்லை, வாயைத் திறக்கவும் வழியில்லை. கண்ணாடியில் நுரைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தன. கத்தி கன்னத்துக்கு நகர்ந்த பிறகுதான் பேச முடிந்தது.

“எந்தப் படம்யா?”

“என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீங்க. பாப்பா எடுக்குற படம்தான்.”

“அது என் மக எடுக்குற படம். உனக்கு எப்படி அது நம்ம படமாச்சு?”

“பணம் போட்டிருக்கேன்ல. பொதுமக்கள் சேந்து எடுக்குற படம்னு பாப்பா போன்ல அனுப்புச்சு. நான் போட்டேன், எதுத்தாப்புல டீக்கடைக்காரரு போட்டாரு, தையக்கார அக்கா போட்டுச்சு. திருப்பிக் கேக்க மாட்டோம்ணே, அது வேற. கடைசில பேரு ஓடும்ல, அதுல எங்க பேரும் ஓடும். எங்க வீட்ல தினம் கேக்குறா, எப்ப ஓடும், எப்ப ஓடும்னு. நான் என்னன்னு சொல்ல?”

மீதி முகத்தை எப்படி வழித்துக்கொண்டு வெளியே வந்தார் என்று கடைக்காரருக்கே தெரியாது. தெருவைக் கடக்கும்போது டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமலே ஒரு சிரிப்புச் சிரித்தார். அதிலும் அந்தக் கேள்விதான் இருந்தது. தையல் கடை ஜன்னலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஒருத்தனிடம் ஒரு நாள் கைநீட்டியதில்லை. பொருளைத் தட்டில் வை, காசைக் கையில் வாங்கு, கிளம்பு. வாழ்நாள் முழுக்க அப்படியே ஓட்டிவிட்ட மனுஷனுக்கு, தன் வீட்டுப் பெயரைச் சொல்லித் தெருவில் உண்டியல் குலுக்கியிருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

கடை என்றால் சுற்றிலும் தகரம் அடித்த ஒரு மைதானம்தான். நுழைகிற இடத்தில் இரும்பு கேட். அப்புறம் தனித்தனிக் குவியலாகத் தகரம், வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை. கடைசியில் ஒரு தகரக் கூரை, அதற்கடியில் தராசு, பக்கத்தில் பூட்டுப் போட்ட ஓர் அறை. அதில் செம்பு. மற்றதெல்லாம் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிற சரக்கு. செம்பு மட்டும் போகாது. விலை ஏறட்டும், ஏறட்டும் என்று சேர்த்துக்கொண்டே வந்தார். வங்கியை நம்பாதவருக்கு அந்த அறைதான் வங்கி. கையும் காலும் ஓய்ந்த பிறகு தனக்கும் மனைவிக்கும் சோறு போடப்போவது அதுதான் என்று கணக்கு.

தெருவில் அவருக்குப் பெயர் ‘கட்டாது’. நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். யார் எதைக் கொண்டுவந்து எந்த விலை சொன்னாலும் அவர் வாயில் வருகிற முதல் சொல் அது. பிறகு பொருளைத் திருப்புவார், தட்டுவார், துருவைச் சுரண்டிக் காட்டுவார். “உள்ள பூரா அரிச்சுப் போச்சு. இதை ஏத்தி இறக்குற கூலிகூடத் தேறாது.” சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடக்க ஆரம்பிப்பார். கேட்டைத் தொடுவதற்குள் கொண்டுவந்தவர் கூப்பிட்டுவிடுவார். “சரி வாங்க, ஒரு விலை சொல்லுங்க.” கூப்பிடாமல் இருந்தவர் இதுவரை எவரும் இல்லை.

வேண்டாத பொருளுக்கு வேறு பாட்டு. “நல்ல சாமானும்மா. இந்தக் காலத்துல இப்படிக் கெடைக்காது. பத்திரமா வீட்ல வச்சுக்கோ.” அவர் ஒன்றைப் புகழ்ந்தால் வாங்கப்போவதில்லை என்று அர்த்தம். அவர் பெண்கள் இரண்டு பேரும் பேசக் கற்றுக்கொண்ட நாளிலேயே இதையும் கற்றுக்கொண்டார்கள். பெரியவள் கட்டிக்கொடுத்த இடத்தில் நிம்மதியாக இருக்கிறாள். சின்னவள்தான் படம் எடுக்கிறாள்.

அவர் உள்ளே நுழைந்தபோது சின்னவள் அம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய வயரின் தோலைக் கத்தியால் கீறி உரித்துக்கொண்டிருந்தாள். காலை வெயிலுக்கே தகரம் காய்ந்து வாடை அடித்தது. ஒரு இழுப்பில் தோல் கழன்று செம்பு வெளியே வந்தது. கை மறக்கவில்லை.

“தெருவெல்லாம் பிச்சை எடுத்திருக்கியாமே?”

அம்மா நிமிர்ந்தாள். “ஏங்க, வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?”

“அவளையே கேளு. சவரம் பண்ற எடத்துல கழுத்துல கத்திய வச்சுக் கேக்குறான், நம்ம படம் என்னாச்சுன்னு.”

“அது பிச்சை இல்லப்பா,” என்றாள் சின்னவள். “அது ஒரு வகை. பிடிச்சவங்க அவங்களால முடிஞ்சதைப் போடுவாங்க. திருப்பித் தர வேண்டியதில்ல.”

“திருப்பித் தர வேண்டியதில்லாத காசுக்கு எங்க ஊர்ல வேற பேரு.”

“உங்க ஊரும் எங்க ஊரும் ஒண்ணுதான். உக்காருங்க, சொல்றேன். இத்தனை நாள் நீங்க கேக்கவே இல்ல.”

“கேட்டா காசு கேப்பியோன்னுதான் கேக்கல.”

“அதான் தெரியுமே.”

தராசுத் தட்டின் மேலேயே உட்கார்ந்தார். முள் ஆடி நின்றது. சின்னவள் வயரை உரித்துக்கொண்டே சொன்னாள். முதலில் அவள் சொந்தக் காசு. விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டிச் சம்பாதித்தது, ஸ்கூட்டியை விற்றது எல்லாம் போட்டுத்தான் ஆரம்பித்தாள். பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம்தான் தெருவும் ஊரும் போட்ட காசு. அதில் லாரி வாடகை, சாப்பாடு. அடுத்தது கூலி. கேமராக்காரர், சவுண்டுக்காரர், லைட்டுக்காரர் யாரும் கூலி வாங்கவில்லை. படம் விற்றால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

“விக்காட்டி?”

“விக்காட்டி இல்ல.”

“அவனுக வீட்ல அடுப்பு எரியுதா?”

“சவுண்டுக்காரர் வீட்ல சண்டை. போன மாசம் அவர் பொண்டாட்டி எனக்கே போன் பண்ணாங்க.” கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. “அப்புறம் வெளிநாட்டுல ஒரு டிரஸ்ட். நல்ல கதைன்னு தேர்ந்தெடுத்து மானியம் தர்றாங்க. பாதி குடுத்துட்டாங்க. மீதி, படத்தை முடிச்சுக் கையில குடுத்தாத்தான்.”

“முடிக்கலைன்னா?”

“மழைக்காலம் முடியறதுக்குள்ள முடிக்கலைன்னா, குடுத்த பாதியையும் திருப்பிக் கட்டணும். இப்ப படத்துக்குச் சத்தம் சேத்துப் போடுற வேலை மட்டும்தான் பாக்கி. அதுக்கு ஸ்டுடியோவுல முன்பணம் கேக்குறாங்க.”

“சரி, படத்தை இப்பவே எவனுக்காவது வித்துட வேண்டியதுதானே?”

“ஒரு கம்பெனி வாங்குறேன்னு சொல்லுது. முடிச்சுட்டு வான்னுது.”

“அவன் வாங்குறேன்னு சொன்னதை வச்சு எவன்கிட்டயாவது கடன் வாங்கு.”

“தருவாங்கப்பா. அதுவும் ஒரு வகை. ஆனா அந்தப் பேச்சு மட்டும் பத்தாதாம், ஈட்டுக்கு எடம் வேணுமாம்.”

அவர் சட்டென்று எழுந்தார். முள் படக்கென்று கீழே விழுந்தது. “ஆங், இதுக்குத்தான் இவ்வளவு சுத்தினியா? இந்த எடத்தையா?”

“நான் கேட்டேனா? வகை என்னன்னு கேட்டீங்க, சொன்னேன்.”

“முடிச்சாத்தான் காசு. காசு இருந்தாத்தான் முடியும். இது என்னடி பொழப்பு? சரி, நாளைக்கே வித்துருச்சுன்னு வை. இத்தனை பேரு கை வச்ச சாமான்ல யாரு முதல்ல எடுக்குறது?”

“கடன் குடுத்தவன். அப்புறம் பங்கு போட்டவன். மிச்சம் இருந்தா கூலிக்காரங்க.”

“வேலை செஞ்சவன் கடைசியிலயா?”

“அப்படித்தான் எழுதுவாங்க.”

“எழுதுவானுக. எழுதுறது அவன்தானே.”

அம்மா உரித்த செம்பைக் கட்டாகச் சுருட்டினாள். “இவ்வளவு கேட்டீங்கல்ல, வர்ற வெள்ளிக்கெழம இவகூடப் போயிட்டு வாங்க. டைல்ஸ் கடைக்காரர் ஒருத்தர் பங்கு போடுறேங்கிறாராம். வீட்டுப் பெரியவங்க யாராவது கூட வரணும்னாராம். பொம்பளப் புள்ள தனியா வந்து பேசினா நம்ப மாட்டாராம்.”

“நான் என்னத்தைப் பேச?”

“பேசவே வேண்டாம்,” என்றாள் சின்னவள். “சும்மா பக்கத்துல உக்காந்தாப் போதும்.”

வெள்ளிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைக்குச் சரக்கு ஏற்றுகிற குட்டி லாரியிலேயே போனார்கள். பின்னால் நேற்று ஏற்றிய தகரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தியது. அவள் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். லாரியை டைல்ஸ் கடைக்கு முன்னால் நிறுத்த வேண்டாம் என்று அடுத்த தெருவில் நிறுத்தச் சொன்னாள்.

டைல்ஸ்காரரின் அறையில் தரை, சுவர், மேசை எல்லாம் டைல்ஸ். ஏசியில் பல் கிட்டியது. தண்ணீர் வராத குழாய்கள் வரிசையாகச் சுவரில் பளபளத்தன. இரும்புக் கடைக்காரரின் கண் தானாக அங்கே போனது. மேலே பூச்சு, உள்ளே பித்தளை, மெல்லிசு.

டைல்ஸ்காரர் மெத்தென்று பேசினார். “பாத்தேன்மா, நீ அனுப்பினதைப் பாத்தேன். அருமை. தண்ணி லாரி ஓட்டுற ஒரு பொம்பளை! யாரு யோசிப்பா? அருமையான கதை. அந்தப் பொண்ணு முகம் இருக்கே, அருமை. கடைசில நடுத்தெருவுல தண்ணியத் தெறந்து விடுறா பாரு, உடம்பு சிலிர்த்துருச்சு.”

சின்னவள் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. எதிராளி இவ்வளவு புகழ்ந்து அவர் பார்த்ததில்லை.

“எங்க கடை போர்டு ஒரு நாலு எடத்துல தெரியற மாதிரி வச்சுக்கலாம்ல?”

“ஒரு எடத்துல வைக்கலாம் சார்.”

“பாக்கலாம், பாக்கலாம். வர்ற வருமானத்துல என் பணம் முதல்ல வரணும். அது வழக்கம்தான். சரி, எவ்வளவு எதிர்பாக்குற?”

சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டு தொகையைச் சொன்னாள்.

“கட்டாது,” என்றார் கடைக்காரர்.

சொன்னவருக்கே தாம் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. யாராவது விலை சொன்னால் அவர் வாய் தானாகத் திறக்கும். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அது பார்க்காது.

டைல்ஸ்காரர் சிரித்தார். “ஐயாவே சொல்றாரே! சொல்லுங்கய்யா, ஏன் கட்டாது?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். தும்மல் மாதிரி, பாதியில் நிறுத்த வரவில்லை. “இல்ல, பாதிச் சரக்குதானே. சத்தமே போடல. பாட்டு கெடையாது. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கெடையாது. அப்படியே கெடக்கு. கொண்டுபோயி வச்சாலும் உடனே போற சாமான் இல்ல...”

சின்னவள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

“பெரியவங்க அனுபவஸ்தர்,” என்றார் டைல்ஸ்காரர். “யோசிச்சுச் சொல்றேம்மா. படம் அருமை, அதுல சந்தேகமே இல்ல.”

திரும்பி வரும்போது அவள் முணுமுணுக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் வெடித்தாள்.

“படத்தைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“பாக்காத சாமானுக்குக் குறை சொன்னீங்களா?”

“வாய் வந்துருச்சும்மா. விலைன்னதும் வந்துருச்சு.”

“வாய் வந்துருச்சாம். ரெண்டு வருசமா ஒவ்வொரு வாசலா ஏறி எறங்கி, ஒருத்தரை உக்கார வச்சேன். ஒரே ஒரு ஆளு!”

“அவன் வாங்க மாட்டான்டி. வாங்குறவன் அப்படிப் புகழ மாட்டான்.”

“எல்லாரும் உங்களை மாதிரியாப்பா? உலகத்துல புடிச்சதைப் புடிச்சிருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க!”

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அவள் இறங்கிக் கதவைச் சாத்தி, நடந்தே போனாள். மாலையில் டைல்ஸ்காரரிடமிருந்து போனில் செய்தி வந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள், அவருக்குக் கேட்கட்டும் என்று. “படம் அருமை. ஆனால் உங்கள் அப்பா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இப்போதைக்கு வேண்டாம்.” புகழ்ந்ததால் வாங்கவில்லையா, இவர் பேசியதால் வாங்கவில்லையா, அது அந்த டைல்ஸ்காரருக்கே வெளிச்சம்.

“ஊரு சாமானையெல்லாம் மட்டம் தட்டி வாங்கின வாயி,” என்றாள் அம்மா. “கடைசில வீட்டுச் சாமானையே மட்டம் தட்டிருச்சு. சோறு வச்சிருக்கேன், அந்த வாயாலயே சாப்பிடுங்க.”

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்து பாத்திரச் சத்தம் கூடியது. சின்னவள் காலையில் போவாள், பொழுது சாய்ந்து வருவாள், போகிற இடமெல்லாம் அதே பதில். முடித்துவிட்டு வா. கடைக்காரர் சவரக் கடைப் பக்கம் போவதை விட்டார். வெள்ளைத் தாடி முள்முள்ளாக ஏறியது. டீயும் வீட்டிலேயே. ஆனாலும் விடவில்லை. தையற்காரம்மா பழைய இஸ்திரிப் பெட்டியைப் போட வந்தபோது, “என்னண்ணே, படம் கெடப்புல போட்டாச்சாமே? காசைக் கேக்கல, சும்மாதான் கேக்குறேன்,” என்று சும்மாதான் கேட்டாள். அவருக்கு அந்தச் ‘சும்மா’தான் தாங்கவில்லை. கடனென்றால் மூஞ்சியில் எறிந்துவிடலாம். இதை எதால் அடைப்பது? இஸ்திரிப் பெட்டிக்கு அவள் கேட்ட விலையையே கொடுத்து அனுப்பினார். அவள் பயந்துபோய் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. மைதானம் முழுக்கத் துருத் தண்ணீர் சிவப்பாக ஓடியது. சரக்கு வரத்து நின்றது. ஒரு பிற்பகல், தகரக் கூரைக்கு அடியில் அம்மாவும் மகளும் வயர் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

“அதைக் காட்டு.”

“எதை?”

“அந்தச் சாமானை.”

சின்னவள் கம்ப்யூட்டரைத் தராசுத் தட்டின் மேல் வைத்துத் திறந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணி லாரி ஓட்டுகிறவள் வந்தாள். விடியலில் குழாயடியில் லாரியை நிறுத்தி, மேலே ஏறி மூடியைத் திருகுவாள். சில இடத்தில் பேச்சு கேட்டது, சில இடத்தில் வாய் மட்டும் அசைந்தது. தெருக்காரர்கள் அவளை ஏசுகிறார்கள், குடங்களோடு ஓடி வருகிறார்கள், மறுபடி ஏசுகிறார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பதும், டீசல் வாடைக் கையைப் புடவையில் துடைப்பதும் யாரோ நடிக்கிற மாதிரி இல்லை. கடைசியில் ஆள் இல்லாத தெருவில் லாரியை நிறுத்தி வால்வைத் திறந்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஊமையாக ஓடியது. கூரை மேல் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

படம் முடிந்து திரை கறுத்த பிறகும் அவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கடைசில பேரு ஓடலையே.”

“அதுக்கும் இன்னும் காசு குடுக்கல.”

அவர் எழுந்து, கம்ப்யூட்டரை ஒரு விரலால் தட்டினார்.

“லாரி ரொம்பப் பழசு. பாக்கவே சகிக்கல.”

அம்மா கத்தியை நிறுத்தினாள். சின்னவள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது. பாதிப் படத்துக்கு இருட்டு. நடுவுல ஒரே இழுவை. தண்ணி ஓடுது, சத்தம் இல்ல. சத்தம் இல்லாத தண்ணி என்ன தண்ணி? முடிவும் வெளங்கல. எவன் வாங்குவான் இதை?”

சின்னவள் மெதுவாகக் கம்ப்யூட்டரை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “வாங்குறவங்க வாங்குவாங்க. நீங்க கவலைப்படாதீங்க.”

“சத்தம் போடுறதுக்கு என்ன கேக்குறான்?”

சொன்னாள்.

“கட்டாது. செம்பு விலை இப்பத் தரையில கெடக்கு. அறைய முழுசாக் காலி பண்ணினாத்தான் அது வரும்.”

அம்மா, “ஏங்க...” என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டினார். அவள் கண் ஒரு தரம் பூட்டுக்குப் போய் வந்தது. அவளுடைய கிழட்டுக்காலமும் அதற்குள்தான் இருந்தது.

“சும்மா தர்ற ஆளு நான் இல்ல. தெருக்காரன் மாதிரி பேரு ஓடுனாப் போதும்னு போடுற ஆளும் இல்ல. பங்கு. வர்றதுல முதல்ல என்னுது.”

“முதல்ல கூலிக்காரங்களுது,” என்றாள் சின்னவள். “சவுண்டுக்காரர், கேமராக்காரர், லைட்டுக்காரர். அப்புறம்தான் பங்கு.”

“ஊர்ல அப்படி எழுதுறது இல்லைன்னியே?”

“இந்தத் தடவை எழுதுறது நான்தானே.”

“கூலிக்காரங்க எடுத்து மிச்சம் வரலைன்னா?”

“வரலைன்னா இல்ல.”

“அப்ப அந்த முடிவையாவது மாத்து. அவ எந்திரிச்சு வால்வை மூடிட்டுப் போறா மாதிரி வை. பாக்குறவன் நிம்மதியா வீட்டுக்குப் போவான்.”

“மாத்த முடியாது.”

“எதுக்குமே முடியாது முடியாதுன்னா?”

“சரக்கு இதுதான். விலையும் சொல்லியாச்சு.”

“அப்பக் கட்டாது,” என்றார் அவர். “வச்சுக்க உன் சாமானை.”

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். மழை முதுகில் விழுந்தது. துருத் தண்ணீர் செருப்பைப் பிடித்து இழுத்தது. அலுமினியக் குவியல் வந்தது. கூப்பிடவில்லை. வார்ப்பிரும்பு வந்தது. கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் விலை போய்விடும். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தார். வயர்த் தோல் கிழிகிற சத்தம் கேட்டது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரியும், மகள் “சும்மா இரும்மா” என்ற மாதிரியும் கேட்டது. கேட் வந்துவிட்டது. கொண்டியில் கை வைத்தார். எடுத்தார். திறந்தும் விட்டார். வெளியே தெரு முழுக்கத் தண்ணீர், எதிரே டீக்கடைக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீம்பு புடிச்ச கழுதை,” என்றார் கேட்டிடம். “எவன்கிட்டக் கத்துச்சோ.”

முழுதாக நனையும் வரைக்கும் நின்றார். பிறகு மடியிலிருந்து செம்பு அறையின் சாவியைத் துழாவிக்கொண்டே, வந்த வழியே திரும்பி நடந்தார்.

சின்னவள் தலையைத் தூக்கவில்லை. வயர் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

“கேட்டைச் சாத்திட்டு வாங்கப்பா. சாரல் உள்ள அடிக்குது.”